ஒரு செக்கு, ஒரு காளை, இரண்டு லோகோ

காங்கயம் பக்கம் எங்களுக்கு ஒரு செக்கு இருக்கிறது. அப்பாரு காலத்தில் மாடு கட்டி ஆட்டியது. இப்போது மோட்டார் சுற்றுகிறது; உரலும் உலக்கையும் மட்டும் அதே வாகை மரம். எண்ணெய் வாங்க வருகிறவர்கள் தூக்குப்போசியோடு வருவார்கள், ஊற்றிக்கொடுப்போம், முடிந்தது. பாட்டிலில் அடைத்து வெளியூருக்கும் அனுப்பலாம் என்று நான் ஆரம்பித்தபோதுதான் லோகோ என்று ஒன்று தேவைப்பட்டது.

முதல் லோகோவுக்கு ஆன செலவு 500 ரூபாய். பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஃபிளெக்ஸும் கல்யாணப் பத்திரிகையும் அடிக்கிற ஒரு டிடிபி கடை. “என்னென்ன வேணுமோ சொல்லுங்கண்ணா, போட்டுறலாம்” என்றார் அங்கே இருந்த பையன். நானும் சொன்னேன். செக்கு, அதை இழுக்கிற காங்கயம் காளை, பின்னால் தென்னை மரம், ஓரத்தில் எள்ளுப் பூ. சூரியனை அவர் தன் பங்குக்குச் சேர்த்துக்கொண்டார். கீழே வளைந்த ரிப்பனில் பெயர். எழுத்துக்குத் தங்கப் பளபளப்பு, பின்னால் நிழல். பெயரின் ஓரத்தில் வட்டத்துக்குள் ஆர் எழுத்து ஒன்று இருந்தது. அது எதற்கு என்று கேட்டேன். “கம்பெனின்னா அது இருக்கோணும்ங்கண்ணா” என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், கேட்டதைச் செய்துகொடுத்தார். கேட்டது நான்.

பத்தடி ஃபிளெக்ஸில் அது அருமையாக இருந்தது. அந்தத் தைரியத்தில் 2,000 ஸ்டிக்கர் அடித்தேன்.

அரை லிட்டர் பாட்டிலின் லேபிளில் எழுதியே ஆகவேண்டியது எவ்வளவு என்று அப்போதுதான் தெரிந்தது. 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண், பச்சைச் சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி, நிகர அளவு, விலை, தயாரித்த தேதி, முகவரி, ஊட்டச்சத்து அட்டவணை. இதெல்லாம் போக லோகோவுக்கு மிஞ்சியது மூன்று சென்டிமீட்டர். அந்த மூன்று சென்டிமீட்டரில் காளை பெருச்சாளி மாதிரி தெரிந்தது. பில் புத்தகத்துக்கு ரப்பர் ஸ்டாம்ப் செய்தால் வெறும் மை அப்பல். வாட்ஸ்அப் படத்தில் வட்டமாக வெட்டியதில் ரிப்பனின் இரண்டு முனையும் போய், பெயரின் நடுப்பகுதி மட்டும் நின்றது. 15 கிலோ டின்னில் ஸ்கிரீன் பிரிண்ட் அடிப்பவர், “ஒவ்வொரு கலருக்கும் ஒரு ஸ்கிரீன் போடோணும்ங்க. இந்தப் பளபளப்பெல்லாம் வராது. இதுல எதை விடறதுன்னு நீங்களே சொல்லுங்க” என்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அப்புறம் கோவையில் ஒரு கண்காட்சியில் கடை போட்டிருந்தோம். எதிர்க்கடை மிளகாய்த்தூள்காரரின் பாக்கெட்டில் எங்கள் காளை நின்றது. அதே திமில், அதே கொம்பு, முகம் மட்டும் வேறு பக்கம். இருவருக்குமே யாரோ இணையத்திலிருந்து இறக்கிக் கொடுத்த படம். அவர் என்னைப் பார்த்து, “உங்களுது எவ்வளவுங்க ஆச்சு?” என்று கேட்டார். அவருக்கு 800 ஆகியிருந்தது. ஒரு சின்ன திருப்தி.

இரண்டாவது முறை, சொந்தக்காரர் ஒருவர் மூலமாகக் கோவையில் வடிவமைப்பு படித்த ஒரு பெண்ணிடம் போனேன். 18,000 என்றார். வீட்டில் மாமாவுக்கு ஆறவில்லை. “நைக்கி கம்பெனிக்கே 35 டாலர்லதான் லோகோ போட்டாங்களாம், உனக்கென்னடா 18,000?” என்றார். இதை அந்தப் பெண்ணிடமே சொல்லிவிட்டேன். அவர் சிரித்துவிட்டு, “ஆமாங்கண்ணா, 1971-ல கரோலின் டேவிட்சன்னு ஒரு மாணவி போட்டது. 1983-ல அவங்களுக்குக் கம்பெனி ஷேர் கொடுத்தாங்க. அந்த மாதிரி நீங்களும் தர்றதுன்னா 35 டாலருக்கே பண்ணிடறேன்” என்றார். 18,000-க்கு ஒத்துக்கொண்டேன்.

லோகோவில் என்ன வேண்டும் என்று அவர் கேட்கவே இல்லை. அது எங்கெங்கே வரும் என்று கேட்டார். பாட்டில் லேபிள், மூடி, டின், ஸ்டாம்ப், வாட்ஸ்அப், கடைப் பலகை என்று வரிசையாக எழுதிக்கொண்டு, மூடியையும் ஸ்டாம்பையும் மட்டும் வட்டமிட்டார். “இது ரெண்டுலயும் நின்னா மத்ததுல தானா நிக்கும்.” பிறகு ஒரு நாள் செக்குக்கே வந்து அரைநாள் உட்கார்ந்திருந்தார். போகும்போது கேட்டது ஒன்றுதான்: “உங்ககிட்ட மாடே இல்லையே, அப்புறம் எதுக்குங்கண்ணா லோகோவுல மாடு?”

அடுத்த வாரம் பென்சிலில் கிறுக்கிய இருபது படங்கள் வந்தன. எல்லாம் கறுப்பு வெள்ளை. வண்ணம் கடைசியில்தான், இல்லாவிட்டால் வண்ணத்தைப் பார்த்து மயங்கித் தப்பானதைத் தேர்ந்தெடுப்பீர்கள் என்றார். எனக்குப் பிடித்தது, மேலிருந்து பார்த்த செக்கு: ஒரு வட்டம், குறுக்கே சாய்ந்த ஒரு கோடு. ஸ்டேட் பேங்க் சின்னம் மாதிரி சிக்கனமாக இருந்தது. 1971-ல் சேகர் காமத் வரைந்த அந்த நீல வட்டத்தில் இருப்பதே ஒரு சின்ன ஓட்டையும் ஒரு கீறலும்தான், ஆனால் எந்த ஊரிலும் அடையாளம் தெரிகிறது. நானும் அப்படி ஒன்று கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். வீட்டில் காட்டினேன். அப்பா, “இங்க வண்டி நிறுத்தக்கூடாதுங்கற போர்டாட்ட இருக்குது” என்றார். அதற்குப் பிறகு எனக்கும் அந்த போர்டுதான் தெரிந்தது.

சரி, பக்கவாட்டில் பார்த்த செக்கு. கிண்ணம் மாதிரி உரல், அதில் சாய்ந்த உலக்கை. இதைப் பார்த்த கடைக்காரர்களில் பாதிப் பேர் “நாட்டு மருந்தா?” என்றார்கள். உரலும் குழவியும் மருந்துக்கடைகளின் பழைய அடையாளமாயிற்றே! இந்த இடத்தில் மூன்று வாரம் போனது. கடைசியில் வழி காட்டியது செக்குதான். மருந்துக் குழவி குட்டை. செக்கு உலக்கை உரலைப் போல இரண்டு மடங்கு நீளம். உரலும் கிண்ணம் போல இருக்காது, மேலே அகன்று இடுப்பில் சிறுத்து நிற்கும். நாங்கள் தினமும் பார்த்ததால் கவனிக்காததை அவர் புகைப்படத்தில் கோடு போட்டுக் காட்டினார். உலக்கையும் உரல் வாயும் சந்திக்கிற இடத்தில் ஒரு வெள்ளை இடைவெளி விட்டார். அது ஒரு எண்ணெய்ச் சொட்டு. ஃபெடெக்ஸ் என்ற கூரியர் கம்பெனியின் பெயரில் இ-க்கும் எக்ஸ்-க்கும் நடுவே ஒளிந்திருக்கிற அம்புக்குறி மாதிரி, வரையாமலே வருகிற உருவம். பலருக்குச் சொன்னால்தான் தெரிகிறது. தெரியாவிட்டாலும் செக்கு செக்காகவே இருக்கிறது.

பெயரை அவர் கையாலேயே எழுதினார். ‘எண்ணெய்’ என்ற சொல்லைப் பாருங்கள், இரண்டு ண. சின்ன அளவில் அச்சிட்டால் அந்தச் சுழிகளெல்லாம் மையால் அடைத்துக்கொள்ளும். மெய்யெழுத்தின் புள்ளி ஒன்று காணாமல் போகும், இல்லாவிட்டால் எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் சுழிகளை அகலமாக்கி, புள்ளியைப் பெரிதாக்கிக் கொஞ்சம் தள்ளி வைத்தார். ஆங்கில எழுத்துக்குச் சொல்லித்தருகிற எதுவும் இதற்கு உதவாது என்று அலுத்துக்கொண்டார்.

வண்ணத்தில் நான் பிடிவாதம் பிடித்துத் தோற்றேன். ஒளி ஊடுருவும் ஸ்டிக்கரில் வெள்ளை எழுத்து வேண்டும், உள்ளே எண்ணெய் தங்கம் மாதிரி தெரியவேண்டும் என்றேன். வேண்டாம் என்றார். கேட்காமல் 300 அடித்தேன். கடலை எண்ணெய்க்கும் நல்லெண்ணெய்க்கும் பிரமாதம். தேங்காய் எண்ணெய் ஆவணியில் சுமார்தான். மார்கழி விடியலில் கடை திறந்து பார்த்தால் அத்தனை பாட்டிலிலும் பெயரே இல்லை. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனால் வெள்ளையாக உறையும் என்று செக்குக்காரனுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனால் லேபிள் அடிக்கும்போது ஞாபகம் வரவேண்டுமே! இப்போது எல்லாவற்றுக்கும் புண்ணாக்கின் கரும்பழுப்பு. போனில் பளிச்சென்று தெரிகிற நிறம் அச்சில் மங்கும் என்பதால், திரையை நம்பாமல் அச்சடித்த மாதிரியைப் பார்த்துத்தான் சரி சொன்னேன்.

அச்சகத்தில் ஒரு கூத்து. லோகோ சரியாக வந்தது, அதன் கீழே இருந்த வரியில் ‘மரச்செக்கு’ என்ற சொல்லின் கொம்பு இடம் மாறிப்போய் உட்கார்ந்திருந்தது. அந்த எழுத்துரு அவர்கள் கம்ப்யூட்டரில் இல்லை. கோரல் ஃபைலில் எழுத்தையெல்லாம் கர்வ்ஸாக, அதாவது வெறும் கோட்டு வடிவமாக மாற்றி அனுப்பியிருந்தால் இது வந்திருக்காது. லோகோவுக்கு மாற்றியவர் அந்த வரிக்கு மறந்துவிட்டார். ப்ரூஃப் கேட்டு வாங்கியதால் பிழைத்தேன்.

வரைந்து முடிந்த பிறகு பத்திர வேலை. லோகோவுக்குப் பணம் கொடுத்துவிட்டதாலேயே அதன் பதிப்புரிமை நமக்கு வந்துவிடாது. வரைந்தவர் அதை எழுத்தில் மாற்றித் தரவேண்டும். எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் சட்டப்படி ஐந்தே வருடம். அந்தப் பெண்ணே இதைச் சொல்லி, காலம் முழுவதற்கும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார்.

டிரேட்மார்க்குக்கு விண்ணப்பிக்கும் முன் பதிவகத்தின் இணையதளத்தில் அதே மாதிரி பெயர் இருக்கிறதா என்று தேடினோம். சமையல் எண்ணெய் 29-ஆம் வகுப்பு. அதையே தலைக்குத் தேய்க்க என்று விற்றால் 3-ஆம் வகுப்பு, அதற்குத் தனிக் கட்டணம். தனிநபர் ஆன்லைனில் போட்டால் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். நான் 29 மட்டும் போட்டேன். ‘மரச்செக்கு’, ‘சுத்தமான’ போன்ற சொற்களுக்குத் தனி உரிமை கேட்க முடியாது, அவை சரக்கைச் சொல்பவை. விண்ணப்பம் பதிவகத்தின் இதழில் வெளியான பிறகு நான்கு மாதம் யார் வேண்டுமானாலும் ஆட்சேபிக்கலாம். பதிவானால் பத்து வருடம், பிறகு புதுப்பிக்கவேண்டும். என்னுடையது இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

அதுவரை டிஎம் (டிரேட்மார்க் என்பதன் சுருக்கம்) என்று மட்டும் போடலாம். வட்டத்துக்குள் ஆர் போட்டால் பதிவானது என்று அர்த்தம். பதிவாகாமல் போடுவது குற்றம் என்று விண்ணப்பம் போட்டுத் தந்த வக்கீல் சொன்னபோதுதான், டிடிபி கடைத் தம்பி இலவசமாகச் சேர்த்துக் கொடுத்த அந்த எழுத்து ஞாபகம் வந்து வயிறு கலங்கியது. கடைகளில் கிடந்த பழைய பாட்டில்களை அன்றைக்கே திருப்பி எடுத்தேன்.

மிச்சமிருந்த ஆயிரத்துச் சொச்சம் ஸ்டிக்கரை எரிக்கப் போனேன். அம்மா விடவில்லை. இப்போது எங்கள் வீட்டு ஊறுகாய் ஜாடி, பருப்பு டப்பா, மோட்டார் ரூம் சாவி மாட்டுகிற பலகை எல்லாவற்றிலும் காளையும் சூரியனும் இருக்கிறது. விருந்தாளிகள் வந்தால் அதைத்தான் நன்றாக இருக்கிறது என்கிறார்கள்.