செப்சிஸுக்குப் பிறகு: சதை வந்தது, பலம் வரவில்லை

சிறுநீர்த் தொற்று முற்றி, தொற்றை எதிர்க்கும் வேகத்தில் உடம்பே தன் உறுப்புகளைச் சேதப்படுத்தும் செப்சிஸாகி, ஐசியுவில் வென்டிலேட்டரில் கிடந்து பிழைத்தவள் நான். காய்ச்சல் விட்டது, ரத்தப் பரிசோதனைகளும் சீராகிவிட்டன. ஆனால் கட்டிலில் உட்கார வைத்தால் தலை நிற்கவில்லை. பிசியோதெரபிஸ்ட் தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால், கணுக்கால் என்று இரண்டு பக்கமும் அசைக்கச் சொல்லி மதிப்பெண் போட்டார். மொத்தம் 60. அதில் 48-க்குக் கீழே போனால் ஐசியு தசை பலவீனம் என்று கணக்கு. நான் அதற்கும் வெகு கீழே.

வீட்டுக்கு வந்ததும் ஆட்டுக்கால் சூப், முட்டை, சுண்டல் என்று அம்மா விடவே இல்லை. புரதம் தேவைதான். எடை ஏறியது, தொடையில் சதையும் பிடித்தது. ஆனாலும் குளித்துவிட்டு வந்தால் புடவை கட்டத் தெம்பில்லாமல் படுத்துவிடுவேன். "உடம்பு தேறிடுச்சே, இன்னும் என்ன படுக்கை?" என்று உறவுக்காரர்கள் கேட்டபோதுதான் ரொம்ப வலித்தது.

மறுபரிசோதனைக்குப் போனபோது டாக்டர் உட்கார வைத்து விளக்கினார். தசை சுருங்கி விரிய, செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி என்ற பொருள் வேண்டும். ஆக்சிஜனைக் கொண்டு அதைப் பெருமளவு தயாரிப்பது செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்பு. கடும் தொற்றில் உடம்பு அளவுக்கு மீறிச் சுரக்கும் நைட்ரிக் ஆக்சைடு போன்றவை அங்குள்ள நொதிகளை முடக்கிவிடுகின்றன. ரத்தம் ஆக்சிஜனைக் கொண்டுவந்து சேர்த்தாலும் செல்லால் அதைச் சரியாகப் பயன்படுத்த முடிவதில்லை. 2002-இல் வெளியான லண்டன் ஆய்வு ஒன்றில் செப்சிஸ் நோயாளிகளின் தசைத் துணுக்கை எடுத்துப் பார்த்தார்கள். பிழைக்காதவர்களின் தசையில் ஏடிபி குறைந்திருந்தது. 2019-இல் வந்த இன்னொரு ஆய்வு எலிகளில் நடந்தது. செப்சிஸிலிருந்து மீண்ட எலிகளுக்குத் தசையின் பருமன் திரும்பிய பிறகும் பலம் திரும்பவில்லை, மைட்டோகாண்ட்ரியா பழுதாகவே இருந்தது. எலிகளில் கண்டது மனிதருக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது என்றும் டாக்டர் சொன்னார். இருந்தாலும் எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் சோம்பேறி இல்லை என்று முதல்முறையாக ஒருவர் காரணத்தோடு சொல்கிறார்!

அப்புறம் பயிற்சியின் போக்கே மாறியது. நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, வராந்தாவில் நடப்பது, எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக, களைப்பு வருவதற்கு முன்பே நிறுத்தி. உடற்பயிற்சிதான் புது மைட்டோகாண்ட்ரியா உருவாகத் தூண்டும், அதனால் சும்மா படுத்திருக்கவும் கூடாது. ஒருநாள் உற்சாகத்தில் அதிகம் நடந்தால் மறுநாள் முழுக்கப் படுக்கைதான். மாதங்கள் ஓடின. இப்போது மாடி ஏறுகிறேன், சமைக்கிறேன்.

செப்சிஸிலிருந்து மீண்டவர் உங்கள் வீட்டில் இருந்தால், அவர் களைப்பு என்று சொல்வதை நம்புங்கள். மறுபடி காய்ச்சல், மூச்சிரைப்பு, பேச்சில் குழப்பம் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். மீண்டவர்களுக்குத் திரும்பத் தொற்று வருவது சகஜம்.