38 பச்சை ரவிக்கைத் துணிகளும் ஒரு போர்வையும்

துணியின் மேல் வைத்து வெட்டும் தாள் மாதிரியான பேப்பர் கட்டிங்கை அச்செடுத்துத் தருகிறவர் "அளவு சரியாகத்தான் இருக்கும்" என்று சொன்னால் நம்பாதீர்கள். டேப்பை எடுத்து அங்கேயே அளந்து பாருங்கள். என் போர்வை இரண்டு மாதம் தள்ளிப்போனது அந்த ஒரு வார்த்தையை நம்பியதால்தான்.

மதுரையில் வெற்றிலைப் பாக்கோடு வைத்துக் கொடுக்கும் ரவிக்கைத் துணி பெரும்பாலும் பச்சை அல்லது சிவப்பு. அம்மா வீட்டிலும் என் வீட்டிலும் சேர்ந்ததில் சிவப்பு எப்படியோ செலவாகிவிட்டது. பச்சை மட்டும் பெட்டியில் தங்கி 38 துண்டுகளாகியிருந்தது. கிளிப்பச்சை, இலைப்பச்சை, ராமர் பச்சை, பாட்டில் பச்சை, பாசிப்பச்சை, பிஸ்தா, மாந்துளிர். தைக்கவும் மனமில்லை, கொடுக்கவும் மனமில்லை. அத்தனையையும் ஒரே ஒட்டுத்துணிப் போர்வையாக ஆக்கிவிடுவது என்று முடிவு செய்தேன்.

முதல் வடிகட்டல் சுலபமாக முடிந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டினேன். பருத்தி காகிதம்போல் எரிந்து சாம்பலாகும், பாலியஸ்டர் உருகி உருண்டை கட்டும். 11 துண்டுகள் அப்படி ஒதுங்கின. மீதியை வெந்நீரில் ஊறவைத்ததில் 5 துண்டுகள் தண்ணீரைப் பச்சையாக்கின. உப்பும் வினிகரும் போட்டால் சாயம் நின்றுவிடும் என்பார்கள். போட்டேன், நிற்கவில்லை. அவற்றையும் எடுத்துவிட்டு 22 துண்டுகளோடு உட்கார்ந்தேன்.

மாதிரியைத் தேர்ந்தெடுப்பதில்தான் சறுக்கினேன். கண்ணுக்கு அழகாக இருந்ததால் சாடூத் ஸ்டார் என்ற எட்டுமுனை நட்சத்திரத்தைக் காசு கொடுத்து இணையத்தில் வாங்கினேன். சதுரங்களை அளவுகோல் வைத்து வெட்ட வேண்டும், முக்கோணங்களுக்குப் பேப்பர் கட்டிங் உண்டு. கோப்பைத் தெருமுனை அச்சுக்கடையில் கொடுத்தேன். "தாளுக்குள் பொருத்தாமல், உள்ள அளவிலேயே எடுங்கள்" என்று இரண்டு முறை சொன்னேன். அங்கிருந்த தம்பி தலை நிமிராமல், "எல்லாம் சரியாகத்தான் வரும் அக்கா, பின்னால் ஆள் நிற்கிறார்கள்" என்றார். அமெரிக்க லெட்டர் அளவுத் தாளுக்காகச் செய்த கோப்பு அது. ஏ4 தாள் அதைவிட அகலம் குறைந்தது. இயந்திரம் ஓரத்தையும் விட்டு, படத்தைச் சுருக்கி அச்சடித்துவிட்டது.

தாளின் மூலையில் சோதனைக்கென்றே ஓர் அங்குலக் கட்டம் இருந்தது. அதை நான் அளக்கவில்லை. கிளிப்பச்சையில் 40 சிறிய முக்கோணங்கள், அப்பாவின் பழைய வெள்ளை வேட்டியில் 20 பெரிய முக்கோணங்கள். வெட்டி, முக்கோணங்களை ஒன்றோடொன்று இணைத்து, நடுச் சதுரத்தின் பக்கத்தில் வைத்தபோது மூன்று நூலுக்கு மேல் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) குட்டையாக இருந்தது. அப்போதுதான் டேப்பை எடுத்து அந்தக் கட்டத்தை அளந்தேன். அரை நூல் குறைவு. ஓர் அங்குலத்தில் அரை நூல் கண்ணுக்கே தெரியாது, ஆறு அங்குலத்துக்குள் அது நட்சத்திரத்தையே கெடுத்துவிடுகிறது. மறுநாள் கடையில் காட்டியபோது, "துணி இழுபட்டிருக்கும்" என்று பதில் வந்தது. கையிலிருந்ததோ தாள். இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

வேட்டியில் நல்ல பாகம் அதோடு தீர்ந்துவிட்டது. முழுவதும் பச்சையிலேயே செய்வோம் என்று ராமர் பச்சைப் பின்னணியில் இலைப்பச்சை நட்சத்திரத்தை வெட்டினேன், இம்முறை அளவுகோலை வைத்து. தையல் பிசிறில்லாமல் வந்தது. சுவரில் குத்திவிட்டு நாலடி தள்ளி நின்று பார்த்தால் நட்சத்திரத்தையே காணோம்! பச்சைப் பரப்பு மட்டும்தான் தெரிந்தது. கைபேசியில் படமெடுத்து நிறத்தை நீக்கிக் கறுப்பு வெள்ளையாக்கிப் பார்த்தேன். இரண்டு பச்சையும் ஒரே சாம்பல். நிறம் வேறாக இருந்தால் போதாது, வெளிச்சமும் அடர்த்தியும் வேறுபட வேண்டும் என்பதை அந்தப் படத்தில்தான் கண்ணால் கண்டேன்.

உடனே இளம்பச்சை வாங்க விளக்குத்தூண் பக்கம் பஸ் ஏறினேன். சித்திரைத் தேரோட்டம் அன்றைக்கு என்பது எனக்கு நினைவில் இல்லை. தேர் சுற்றும் மாசி வீதிகளுக்குள் பஸ் எப்படிப் போகும்? வழியிலேயே இறக்கிவிட்டார்கள். நெரிசலில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பினேன். ஆற்றில் இறங்கும் அழகர் பச்சைப் பட்டு உடுத்தி வரவேண்டும், நாடு செழிக்கவேண்டும் என்று பக்கத்தில் நின்ற ஒரு பாட்டி கைகூப்பிக்கொண்டிருந்தார். நானும் கும்பிட்டுக்கொண்டேன். அடுத்த வாரம் மறுபடியும் போனேன். துணியை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்க்கக் கடைக்காரர் விடவில்லை. டியூப்லைட்டில் வெளிறித் தெரிந்த இரண்டு மீட்டர் வீட்டு முற்றத்தில் நடுத்தரப் பச்சையாக நின்றது. வெட்டிய துணியைத் திருப்பி வாங்கமாட்டார்களாம்.

அதன்பிறகுதான் செய்திருக்கவேண்டிய வேலையைச் செய்தேன். 22 துண்டுகளையும் தரையில் பரப்பிக் கறுப்பு வெள்ளைப் படமெடுத்தேன். 9 அடர்த்தி, 8 நடுத்தரம், 5 வெளிர். வெளிர்த் துணி கையிலேயே இருந்திருக்கிறது! இப்படி எண்ணிக்கை தெரிந்தபிறகு மாதிரி தானாகவே அமைந்துவிட்டது: லாக் கேபின், அதாவது மரக்கட்டை வீடு. நடுவில் ஒரு சதுரம், அதைச் சுற்றி நீளப் பட்டைகள், மூலைவிட்டத்துக்கு ஒருபுறம் வெளிர், மறுபுறம் அடர்த்தி. நடுத்தரப் பச்சைகளை அடர்த்திப் பக்கத்தில் உள்வட்டத்தில் வைத்து, வெளியே போகப் போகக் கருமையாக்கினேன். முக்கோணமே இல்லாததால் கிராஸாக, அதாவது சாய்வாக, வெட்டிய ஓரம் இழுபடும் தொல்லையும் இல்லை. ஒன்றரை அங்குலப் பட்டை தைத்தபின் ஓர் அங்குலமாகும். இரண்டங்குல நடுச் சதுரத்தைச் சுற்றி நான்கு சுற்று, ஆக ஒரு கட்டம் பத்து அங்குலம்.

நடுச் சதுரத்தைச் சிவப்பாக வைப்பது அமெரிக்கப் பழக்கம், வீட்டின் அடுப்பை அது குறிக்கும் என்பார்கள். நான் அரக்குச் சுங்குடித் துண்டை வைத்தேன், மூன்று முறை அலசி வெள்ளைத் துணியில் ஒற்றிப் பார்த்தபிறகு. பட்டைகளைக் கரைக்கு இணையாக வெட்டுங்கள், குறுக்கே வெட்டினால் கட்டம் அலை அலையாக வரும். ஒவ்வொரு பட்டை தைத்ததும் இஸ்திரியை இழுக்காமல் அழுத்தி எடுங்கள். இரண்டு சுற்று முடிந்ததும் அளந்துவிடுங்கள், ஆறு அங்குலமும் தையலுக்கு இருபுறமும் இரண்டிரண்டு நூலும் இருக்கவேண்டும். நம் ஊர் வெயிலுக்குப் பஞ்சு விரிப்பு வேண்டாம் என்று நடுவில் பழைய நூல் புடவையைக் கொடுத்தேன்.

48 கட்டங்கள், அகலத்தில் ஆறு, நீளத்தில் எட்டு. மூன்று வாரத்தில் முடிந்துவிட்டது. மிஞ்சிய பச்சையெல்லாம் பின்பக்கத்துக்குப் போனது, கடையில் வாங்கிய இரண்டு மீட்டர் உட்பட.

அச்சுக்கடை சுருக்கிய முக்கோணங்களை எறிய மனம் வரவில்லை. மற்ற எதோடும் ஒட்டவில்லையே தவிர, தங்களுக்குள் எல்லாம் ஒரே அளவுதான். ஒரு பெரிய முக்கோணத்தின் இருபுறமும் சிறியது ஒவ்வொன்று வரும் ஃப்ளையிங் கீஸ் கட்டங்களாகத் தைத்து, ஆறு ஆறாக மூன்று வரிசை சேர்த்ததில் ஒரு தலையணை உறை வந்துவிட்டது. வெள்ளை வேட்டியில் கிளிப்பச்சை எடுப்பாகத் தெரிகிறது. இரண்டு கட்டம் மீதி இருக்கிறது.