தண்டையார்பேட்டை, மழை மாதம்

2024 நவம்பர் 18, திங்கள்

கிரியேட்டினின் 1.6. போன மாதம் 1.3. அது ஏறினால், அம்மா எனக்குக் கொடுத்த கிட்னி சரியாக வேலை செய்யவில்லையோ என்று சந்தேகம்.

"தண்ணி ஒழுங்கா குடிக்கிறீங்களா?" என்று மட்டும் டாக்டர் கேட்டார். டாக்ரோ லெவலும் எடுக்கச் சொல்லியிருக்கிறார்; கிட்னியை உடம்பு தள்ளிவிடாமல் இருக்கப் போடும் மாத்திரை ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க.

அம்மாவிடம் நார்மல் என்றேன்.

நவம்பர் 19

டயாலிசிஸ் வார்டுக்குப் போனேன். புதிதாக ஒரு ஐயா வந்திருக்கிறார், எண்ணூர்க்காரர். "பழைய கிட்னி ரெண்டையும் எடுத்துடுவாங்களாம்மா?" என்று கேட்டார். பெரும்பாலும் எடுப்பதில்லை, அது பாட்டுக்கு உள்ளே கிடக்கும், புதுசை அடிவயிற்றில் ஓரமாக வைப்பார்கள் என்று புடவைக்கு மேலேயே கை வைத்துக் காட்டினேன். "அப்போ உனக்கு மூணா!" என்று சிரித்துவிட்டார்.

டாக்டரிடம் கேட்கக் கூச்சப்படுவதை எல்லாம் என்னிடம் கேட்பார்கள். ஒன்றுக்குப் போவதைப் பற்றித்தான் அதிகம். எனக்கு ஆபரேஷன் ஆன அன்று ராத்திரி பை நிரம்ப நிரம்ப நர்ஸ் மாற்றிக்கொண்டே இருந்தார். பக்கத்து வார்டிலிருந்து அம்மா, வலியோடு, "எவ்ளோ வந்துச்சு, எவ்ளோ வந்துச்சு" என்று ஆள் விட்டுக் கேட்டாள். இதைச் சொன்னால் வார்டே காது கொடுக்கும். மூன்று வருஷமாகச் சொட்டுக்கூடப் போகாதவர்களுக்குத்தான் அது என்னவென்று தெரியும்.

கொருக்குப்பேட்டைத் தம்பி சிரிக்கவில்லை. "எத்தனை வருஷம்கா ஓடும்?" என்றான். சிலருக்குப் பத்து, சிலருக்கு இருபது, என்னைப் பாரு, 2016லிருந்து ஓடுகிறது என்றேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். 1.6 ரிப்போர்ட் பைக்குள்ளேதான் இருந்தது.

நவம்பர் 21

லெவலுக்கு ரத்தம் கொடுத்தேன். காலை மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றேன். முன்னால் நின்ற பெண் வீட்டிலேயே போட்டுக்கொண்டு வந்துவிட்டாளாம். அப்படி எடுத்தால் லெவல் கூடத்தான் காட்டும், அதைப் பார்த்து டோஸைக் குறைத்துவிட்டால் அப்புறம் யார் பொறுப்பு? நாளைக்கு வா என்று அனுப்பி வைத்தேன்.

நவம்பர் 22

ரிப்போர்ட் இல்லை. பம்ப்ளிமாஸ் சாப்பிடலாமா என்று ஒரு போன். வேண்டாம், அது மாத்திரையோடு மோதும், சாத்துக்குடி சாப்பிடுங்கள் என்றேன்.

நவம்பர் 24, ஞாயிறு

அம்மா காசிமேட்டிலிருந்து சங்கரா வாங்கி வந்தாள். மீனைக் கழுவிக்கொண்டே, "என்னோடது எப்படி இருக்கு?" என்றாள். எப்போதும் அப்படித்தான் கேட்பாள், அடகு வைத்த நகையை விசாரிப்பது போல. நன்றாக இருக்கிறது என்றேன்.

நவம்பர் 27

தம்பியின் அண்ணன் கிட்னி கொடுப்பதற்கான டெஸ்ட்டுக்கு வருகிறேன் என்று சொல்லி இன்றும் வரவில்லை. அவன் அம்மாவுக்குச் சர்க்கரை. மனைவிக்கு குரூப் சேரவில்லை. இந்த வார்டில் கொடுக்க வந்து நிற்பது அம்மா, இல்லையென்றால் பெண்டாட்டி. ஆம்பளைகளுக்கு அந்த நேரம் பார்த்துத்தான் வேலை வந்துவிடும். எழுதினால் எழுதினதுதான்.

மூளைச்சாவு ஆனவர்களின் கிட்னிக்குக் காத்திருப்போர் லிஸ்ட்டில் தம்பி பெயர் இருக்கிறது. காத்திருக்க வேண்டியதுதான்.

நவம்பர் 30, சனி

ஃபெஞ்சல் புயல். விடிந்ததிலிருந்து ஓயாத மழை. தம்பிக்கு இன்று டயாலிசிஸ் நாள். தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர், ஆட்டோ எதுவும் வராதாம். வியாழனோடு சரி. இன்றும் விட்டால் திங்கள்தான், அதுவரை உடம்பில் நீரும் பொட்டாசியமும் ஏறிக்கொண்டே போகும்.

எட்டு மணிக்குக் கூப்பிட்டேன். வாழைப்பழம், இளநீர் தொடாதே; தாகம் எடுத்தால் ஐஸ் துண்டு ஒன்றை வாயில் போட்டுக்கொள்; தலையணையை உயர்த்தி வைத்துப் படு. பத்து மணிக்குக் கூப்பிட்டேன். முகம் உப்பியிருக்கிறதாம். பன்னிரண்டுக்கு, பேசும்போதே மூச்சு வாங்கியது. 108ஐக் கூப்பிடு, மெயின் ரோடு வரைக்கும் எப்படியாவது வா என்று அவன் மனைவியிடம் கத்தினேன். அவளும் கத்தினாள்.

தெருப் பையன்கள் மீன்பாடி வண்டியில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டே மெயின் ரோட்டுக்குக் கொண்டுவந்தார்களாம். மூன்றரைக்கு மெஷினில் போட்டாயிற்று.

இங்கே கரன்ட் இல்லை. தையல் மெஷினில் பாதி தைத்த பிளவுஸ் அப்படியே இருக்கிறது. புயல் புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடக்கிறது என்று பக்கத்து வீட்டு ரேடியோ.

டிசம்பர் 2

லெவல் 3.9. குறைவு. இரண்டு மாதமாக வேறு கம்பெனி மாத்திரை அட்டை கொடுக்கிறார்கள். அதே மருந்துதான் என்றார்கள். கம்பெனி மாறினால் லெவல் பார்த்தாக வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்பவள் நான். கவுன்டரில் கேட்டதற்கு, "ஸ்டாக் இதுதான்மா, அடுத்த ஆளு வாங்க."

டோஸ் ஏற்றியாயிற்று. ஒரு வாரம் கழித்து மறுபடி கிரியேட்டினின்.

டிசம்பர் 5

ராத்திரி ஒன்றரைக்குத் தம்பியின் போன். "அக்கா, கூப்பிட்டுட்டாங்க!" எதுவும் சாப்பிடாதே, பழைய ரிப்போர்ட் ஃபைலை எடுத்துக்கொள், ஷேர் ஆட்டோவுக்காக நிற்காதே. நான் தூங்கவில்லை.

மத்தியானம் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவன் ஸ்டாண்ட்பை. முன்னால் இருந்தவருக்கு கிராஸ்மேட்ச், அதாவது கொடுத்தவரோடு ரத்தம் ஒத்துப்போகிறதா என்ற டெஸ்ட், சரியாக இருந்ததாம். மனைவி புது பக்கெட், புதுப் போர்வை எல்லாம் வாங்கிக்கொண்டு போயிருந்தாள். கூப்பிட்டார்கள் என்றாலே பெயர் மேலே வந்துவிட்டது என்று அர்த்தம் என்றேன். உண்மைதான், ஆனால் பசியோடு இருப்பவனிடம் சொல்கிற பேச்சா அது?

"கொடுத்தது யாருக்கா?" என்று கேட்டான். நமக்குச் சொல்ல மாட்டார்கள். 2023 செப்டம்பரில் அறிவித்ததிலிருந்து அவர்களுக்கு அரசு மரியாதை உண்டு, கலெக்டர் மாலை வைப்பார் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "அந்த வீட்ல இன்னிக்கு யாரும் சாப்ட்டிருக்க மாட்டாங்கல்ல" என்றான்.

டிசம்பர் 7

தம்பி போன் எடுக்கவில்லை.

டிசம்பர் 8

எடுக்கவில்லை. டயாலிசிஸுக்கு வந்தானாம், யாரோடும் பேசவில்லையாம். வந்தான் அல்லவா, அது போதும்.

டிசம்பர் 9

கிரியேட்டினின் 1.7. வியாழக்கிழமை பயாப்சி, கிட்னியிலிருந்து ஊசியால் துளி சதை எடுத்துப் பார்ப்பார்கள்.

டிசம்பர் 10

அம்மாவிடம் சொன்னேன். "அன்னிக்கு மீன் கழுவுறப்பவே தெரியும், உனக்குப் பொய் சொல்ல வராது" என்றாள். அப்புறம் சண்டை. யார் கூட இருப்பது என்று. பயாப்சி முடிந்து சில மணி நேரம் மல்லாந்தே படுத்திருக்க வேண்டும், யூரினில் ரத்தம் வருகிறதா என்று பார்க்க வேண்டும், உனக்கு முட்டி வலி, ராத்திரி தரையில் எப்படிப் படுப்பாய் என்றேன். பெண்கள் வார்டில் பெண்தான் இருக்க முடியும், அதனால் அம்மா ஜெயித்துவிட்டாள். வீட்டுக்காரர் சாப்பாடு மட்டும் கொண்டுவருவார்.

ராத்திரி தம்பி தானே கூப்பிட்டான். எண்ணூர் ஐயா ஃபிஸ்டுலா கையில், டயாலிசிஸுக்காக ரத்தக்குழாயை இணைத்து வைத்த கையில், ரத்தம் எடுக்க விட்டுவிட்டாராம், அந்தக் கையில் டயாலிசிஸ் தவிர வேறு ஊசியே போடக்கூடாது என்று இவன்தான் நர்ஸிடம் சண்டை போட்டானாம். குரல் பழையபடி இருந்தது. வியாழக்கிழமை வார்டுக்கு வருவீர்களா என்றான். வர மாட்டேன், எனக்கு பயாப்சி என்றேன். கிரியேட்டினின் எவ்வளவு என்று கேட்டான். சொன்னேன்.

"சரிக்கா. எத்தனை மணிக்கு? நான் காலைல ஃபர்ஸ்ட் ஷிஃப்ட், முடிச்சிட்டு வரேன்."

நாளைக்குள் நாலு பிளவுஸ் கொடுக்க வேண்டும். ஒன்றுக்குக் கொக்கி மட்டும் பாக்கி.