பாண்டியனுக்கு நாலே வசனம்

பெங்களூரில் பல பள்ளிகளில் ஆண்டு விழா நாடகம் இப்படித்தான் நடக்கிறது. பிள்ளைகளின் வசனத்தை முன்பே பதிவு செய்துவிடுவார்கள். விழா அன்று ஒலிபெருக்கியில் அது ஓடும். மேடையில் நிற்கும் பிள்ளை உதட்டை அசைத்தால் போதும். மைதானம் பெரியது, கூட்டம் பெரியது, பள்ளிகளின் கவலை எனக்குப் புரிகிறது. ஆனாலும் நாடகப் படிப்பின் களப்பயிற்சிக்காக அல்சூர் பக்கம் ஒரு பள்ளிக்குப் போனபோது, நான் முதலில் கேட்டது பதிவு வேண்டாம் என்பதைத்தான். தலைமை ஆசிரியை கொஞ்சம் யோசித்தார். "சரிம்மா, அப்போ மைதானம் வேண்டாம். நம்ம ஹால்லயே சின்ன வகுப்புப் பிள்ளைங்களுக்குப் போட்டுக் காட்டுங்க" என்றார். அதைவிட நல்ல ஏற்பாடு எனக்குக் கிடைத்திருக்காது.

ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள். வீட்டில் தமிழ், தெருவில் தமிழும் கன்னடமும் கலந்து, வகுப்பில் ஆங்கிலம். தமிழ் சரளமாகப் பேசுவார்கள். படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. பாண்டியன் அவையில் கண்ணகி வழக்குரைக்கும் காட்சியை எடுத்துக்கொண்டு, பேச்சுக்கு நெருக்கமான தமிழில் வசனம் எழுதினேன். சிலர் அதைக் கன்னட எழுத்திலும் சிலர் ஆங்கில எழுத்திலும் எழுதிக்கொண்டார்கள். இன்றைய கன்னடத்தில் ழகரம் இல்லை என்பதால் பல தாள்களில் 'வழக்கு' என்பது 'வளக்கு' என்று இருந்தது.

உச்சரிப்பைத் திருத்திவிடலாம். தாள் கையில் இருப்பதுதான் பெரிய தடையாக இருந்தது. பிள்ளை தன் வரியின்மேல் விரலை வைத்துக்கொண்டு காத்திருக்கும். எதிரே இருப்பவர் என்ன சொன்னார், எப்படிச் சொன்னார் என்பது காதிலேயே ஏறாது. கடைசிச் சொல், அதாவது கியூ, விழுந்ததும் தன் வரியை ஒப்பித்துவிடும். கண்ணகி எவ்வளவு அழுதாலும் அரசனின் பதில் ஒரே தொனியில்தான் வந்தது.

எங்கள் நாடக வகுப்பில் இதற்கென்றே ஒரு பயிற்சி உண்டு. அமெரிக்காவில் நடிப்பு சொல்லித்தந்த சான்ஃபோர்ட் மைஸ்னர் (1905–1997) உருவாக்கியது. இருவர் எதிரெதிரே உட்கார வேண்டும். "உன் சட்டை நீலம்" என்று ஒருவர் சொன்னால் மற்றவர் "என் சட்டை நீலம்" என்று திருப்பிச் சொல்வார். திரும்பத் திரும்ப அதே வரிதான். சொல் மாறாததால் கவனம் தானாகக் குரலுக்கும் முகத்துக்கும் போய்விடும். எதிரே இருப்பவர் எரிச்சலாகிறாரா, சிரிப்பை அடக்குகிறாரா என்பது அப்போதுதான் கண்ணில் படும்.

இதைச் செய்தபோதெல்லாம் எனக்குக் கூத்துதான் நினைவுக்கு வரும். எங்கள் குடும்பம் செய்யாறு பக்கத்திலிருந்து இங்கே வந்தது. கூத்துக்குப் பேர்போன புரிசை அந்தப் பக்கம்தான். பாரதக் கூத்தில் வேஷக்காரர் ஒரு வரி பாடுவார். பின்பாட்டுக்காரர்கள் அதை வாங்கித் திரும்பப் பாடுவார்கள். மத்தளமும் முகவீணையும் ஆர்மோனியமும் அதைத் தூக்கிப் பிடிக்க, அவர் அடவு போடுவார். பின்பாட்டு என்றால் வேஷக்காரருக்கு மூச்சு வாங்க இடம் கொடுப்பது என்றுதான் சிறுவயதில் நினைத்திருந்தேன். ஒருவர் சொன்னதை இன்னொருவர் உண்மையிலேயே கேட்டு வாங்கிக்கொள்வது எப்படி என்பதும் அதில் இருக்கிறது.

அதனால் தாள்களை வாங்கிப் பைக்குள் வைத்துவிட்டேன். எல்லோரும் வட்டமாக நிற்க வேண்டும். நான் ஒரு வரி சொல்வேன், வட்டம் முழுக்க பின்பாட்டாக வாங்கும், அப்புறம் அந்தப் பாத்திரம் எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்த்துச் சொல்லும். மெதுவாகத்தான் போனது. ஆனால் எல்லோருக்கும் எல்லோர் வசனமும் தெரிந்துவிட்டது. ழகரமும் காது வழியாகவே சரியானது.

அரசனாக நடித்த பையனுக்கு மட்டும் மனக்குறை. "அக்கா, எனக்கு நாலே டயலாக். அவளுக்கு எவ்வளவு இருக்கு!" என்றான். கணக்கு சரிதான். யார் நீ என்று கேட்கிறான், கள்வனைக் கொன்றது முறைதான் என்கிறான், அரசியின் சிலம்பில் இருப்பது முத்து என்கிறான், கடைசியில் நானே கள்வன் என்று சொல்லிச் சாய்கிறான். மூன்றாவதற்கும் நான்காவதற்கும் நடுவில் கண்ணகி தன் சிலம்பில் இருப்பது மாணிக்கம் என்கிறாள், கோவலனிடமிருந்து பறித்த சிலம்பு அவள் முன் வருகிறது, உடைக்கிறாள், மணி தெறித்து அவன் வாயருகே வந்து விழுகிறது. அந்த நேரம் முழுக்க அரசனுக்கு ஒரு சொல்கூடக் கிடையாது. ஆனால் ஒரு மனிதன் தான் செய்தது என்ன என்று புரிந்துகொள்வது அங்கேதான். காட்சியே அந்தப் பையன் கேட்கும் விதத்தில்தான் நிற்கிறது என்று நான் உறுதியாக நம்பினேன், அவனிடமும் சொன்னேன்.

அவன் அதை நம்ப ஒரு கன்னட நாடகம் உதவியது. அல்சூரில் மெட்ரோ ஏறி மெஜஸ்டிக்கில் பச்சைத் தடத்துக்கு மாறி, பிள்ளைகளையும் ஓர் ஆசிரியையையும் ஜே.பி. நகர் ரங்க சங்கராவுக்கு அழைத்துப் போனேன். கன்னட நடிகர் சங்கர் நாக் நினைவாக அவர் மனைவி அருந்ததி நாக் முயற்சியில் 2004-ல் திறந்த அரங்கம். நேரம் தவறி வருபவர்களை உள்ளே விட மாட்டார்கள். நடிப்பவரின் கவனத்துக்கு அந்த ஊழியர்கள் தரும் மரியாதை அது. "பேசறவங்களைப் பார்க்காதீங்க, பேசாம நிக்கறவங்களை மட்டும் பாருங்க" என்று சொல்லியிருந்தேன். திரும்பும் வழியெல்லாம் அவன் அதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தான்.

அதன்பிறகு அந்தப் பகுதியைத்தான் அதிகம் ஒத்திகை பார்த்தோம். கண்ணகியிடம் ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி சொல்லும்படி ரகசியமாகச் சொல்லி வைத்தேன். ஒருநாள் அவள் கத்தாமல் குரலை முழுக்கத் தாழ்த்தி "என் சிலம்பில் மாணிக்கம்" என்றாள். அரசன் சிம்மாசனமாகிய பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து முன்னால் சாய்ந்தான். நான் சொல்லித்தந்தது இல்லை. அவளுடைய குரல் எட்டவில்லை, அதனால் சாய்ந்தான். நாடக நாளிலும் அதையே வைத்துக்கொண்டோம்.

உடைக்க வேண்டிய சிலம்பைக் குயவர்கள் இருக்கும் பாட்டரி டவுனில் செய்து வாங்கினேன். சுடாத களிமண் வளையம், உள்ளே சிவப்புக் கண்ணாடி மணிகள். சுட்ட மண் என்றால் சில்லு காலில் குத்தும்.

மைக் இல்லாமல், தரையில் உட்கார்ந்திருந்த சின்னப் பிள்ளைகளுக்கு முன்னால் நாடகம் நடந்தது. நடுவில் முன்வரிசையிலிருந்து ஒரு குழந்தை, "ராஜா ஏன் முதல்லயே விசாரிக்கல?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டது. வாயிற்காவலனாக நின்ற பெண்ணுக்கு, கூத்தில் கூட்டத்தோடு பேசிக் கதையை நடத்திப் போகும் கட்டியங்காரன் பாணியில் பேச்சு எழுதியிருந்தேன். அவள் தயங்கவே இல்லை. குழந்தை பக்கம் திரும்பி, "அதைத்தான் அந்த அம்மாவும் கேக்கறாங்க, இரு, ராஜா என்ன சொல்றார்னு பார்ப்போம்" என்றாள். பதிவு ஓடிக்கொண்டிருந்தால் அந்தக் கேள்வி யார் காதிலும் விழுந்திருக்காது.

இப்போது கன்னடம் பேசும் வகுப்புத் தோழர்களும் சேர வேண்டும் என்கிறார்கள். தெருவில் விளையாடி அவர்களுக்கும் தமிழ் காதுக்குப் பழக்கம்தான். கட்டியங்காரன் இரண்டு மொழியிலும் பேசுகிற மாதிரி ஒரு நாடகத்தை அடுத்த பருவத்துக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். கன்னட வரிகளுக்கு அந்தப் பிள்ளைகளே வாத்தியார். வட்டத்தில் நின்று பின்பாட்டு வாங்கப் போவது நானும் மற்றவர்களும்.