பதினொரு பேர் எழுதிய கடிதம்

தாய்மாமனுக்கு என்னைக் கட்டிவைக்க நாள் குறித்துவிட்டார்கள் என்று தெரிந்த அன்றே தாராவி வீட்டை விட்டுக் கிளம்பி, தாதர் நிலையத்தில் ரயில்வே போலீசாரிடம் அகப்பட்டேன். அப்போது எனக்கு 16 வயது, ஆண்டு 2017. மறுநாள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்தி, மும்பையிலேயே ஒரு பெண்கள் இல்லத்துக்கு அனுப்பினார்கள். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி நான் பாதுகாப்புத் தேவைப்படும் குழந்தை, குற்றவாளி அல்ல. ஆனாலும் எங்களைப் பூட்டியே வைத்திருந்தார்கள்.

அங்கே எனக்குத் துணையாக வாய்த்தவள் தமிழ் தெரியாத ஒரு சோலாப்பூர்க்காரி. இருவர் தமிழில் பேசினால் என்ன ரகசியம் என்று கண்காணிப்பாளர் அதட்டுவார். அதற்காகவே அவள் என்னிடம் 'சாப்ட்டியா' என்ற ஒரு சொல்லைக் கற்றுக்கொண்டு, சாப்பாட்டுக் கூடத்தில் எல்லாருக்கும் கேட்கும்படி தினமும் கேட்டாள்.

எதிர்த்துப் பேசிய ஒரு சிறுமியின் தலைமுடியை ஒருநாள் ஒட்ட வெட்டினார்கள். பேன் என்று காரணம் சொன்னார்கள். பேன் எங்கள் எல்லார் தலையிலும்தான் இருந்தது. குழந்தைகளின் புகார்ப் பெட்டி அலுவலகத்திலிருந்து தள்ளி, படுக்கும் அறைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று இலவசச் சட்ட உதவி வக்கீல் சொல்லியிருந்தார். எங்கள் பெட்டியோ கண்காணிப்பாளரின் கதவருகே தொங்கியது. ஆகவே, யார் கையெழுத்து என்று கண்டுபிடிக்க முடியாதபடி, பதினொரு பேர் ஆளுக்கு ஒரு சொல்லாக, நடைவழி விளக்கின் வெளிச்சத்தில் இரண்டு இரவுகள் அந்தப் புகார்க் கடிதத்தை எழுதினோம். எனக்கு விழுந்த சொல் 'கேஸ்', மராத்தியில் முடி. மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளியில் படித்த எனக்கு மராத்தி எழுத்தில் தடுமாற்றம் உண்டு. சோலாப்பூர்க்காரி என் மணிக்கட்டைப் பிடித்து, எழுத்தின் தலைக்கு மேல் அந்தச் சாய்ந்த கோட்டைப் போட வைத்தாள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது வர வேண்டிய ஆய்வுக் குழு வந்தபோது, நாடி பார்க்கக் கை நீட்டச் சொன்ன டாக்டரம்மாவின் உள்ளங்கையில் அதை வைத்தவளும் அவள்தான். அதன்பின் எங்களை வரிசையில் உட்காரவைத்து எழுதச் சொல்லி ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. ஒரு மாதம் தொலைக்காட்சியை நிறுத்தினார்கள். ஆனால் பெட்டி இடம் மாறியது. முடி வெட்டுவதும் நின்றது.

குடும்ப நிலையை விசாரித்து 15 நாளில் தர வேண்டிய சமூக விசாரணை அறிக்கை என் விஷயத்தில் இரண்டு மாதம் இழுத்தது. அம்மா விடாமல் அலைந்து, 18 வயதுக்கு முன் திருமணம் செய்ய மாட்டோம் என்று எழுதிக்கொடுத்த பிறகே என்னை அனுப்பினார்கள். உங்கள் பிள்ளை இப்படி ஓர் இல்லத்தில் இருந்தால், ஒவ்வொரு முறையும் குழந்தைகள் நலக் குழுவின் அடுத்த விசாரணைத் தேதியைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

சோலாப்பூர்க்காரிக்கு வர யாருமில்லை. 18 முடிந்து வெளியே வந்ததும் நேரே எங்கள் வீட்டுக்கு வந்தாள். அம்மாவைப் பார்த்து, தனக்குத் தெரிந்த தமிழில், "சாப்ட்டியா?" என்றாள். அம்மா அவளுக்குத் தட்டு வைத்தார்.