நிறம் போன பிறகும் நீரில் மிஞ்சுவது

சாயக்கழிவுநீரை வினையூக்கிகளால் சுத்திகரிக்கும் ஆய்வுகளைப் படிக்கும்போதெல்லாம், நீர் தெளிந்துவிட்டது என்பதையே முடிவாக எடுத்துக்கொள்ளும் போக்கு என்னை உறுத்துகிறது. துணிச் சாயங்களில் பரவலான வகையான அசோ சாயத்தின் நிறம், பென்சீன் வளையங்களை இணைக்கும் இரண்டு நைட்ரஜன் அணுக்களின் இரட்டைப் பிணைப்பைச் சார்ந்தது; அது அறுந்தால் நிறம் மறையும், ஆனால் வளையத் துண்டுகள் நீரிலேயே தங்கிவிடும். ஒடுக்க வினையால் அறுந்திருந்தால் அத்துண்டுகள் அரோமாட்டிக் அமீன்களாக மாறுகின்றன. அவற்றுள் சில புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை. ஆகவே மொத்தக் கரிமக் கார்பன், அதாவது நீரிலுள்ள எல்லாக் கரிமப் பொருள்களின் கார்பன் அளவு, எவ்வளவு குறைந்தது என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

இத்துறையின் பழைய வழி, ஹென்றி ஃபென்டன் 1894-இல் விவரித்த வினை. இரும்பு உப்பு ஹைட்ரஜன் பெராக்சைடைப் பிளந்து ஹைட்ராக்சில் தனியுறுப்புகள் எனும் மிகுந்த வினைத்திறன் கொண்ட துகள்களை உண்டாக்குகிறது. அவை எதிர்ப்படும் கரிம மூலக்கூறுகளில் பெரும்பாலானவற்றைத் தாக்கிச் சிதைக்கின்றன. இதற்கு நீரின் பிஎச் அளவு 3-ஐ ஒட்டி இருக்க வேண்டும். சோடா சாம்பல் கலந்த சாயக்கழிவோ காரத்தன்மை மிக்கது. அதில் முதலில் அமிலம் ஊற்றி, பின்னர் காரத்தால் நடுநிலையாக்கினால், உப்பும் இரும்புச் சேறும் கூடுகின்றன. அந்தச் சேற்றைக் கொட்ட இடம் தேடுவது தனிச் சுமை.

மற்றொரு வழி, ஒளி பட்டால் வினையூக்கியாகச் செயல்படும் டைட்டானியம் டை ஆக்சைடு. ஃபியூஜிஷிமாவும் ஹோண்டாவும் 1972-இல் இதன் ஒளிவினையாற்றலை உலகறியச் செய்தனர். எனினும் இதன் அனடேஸ் எனும் படிக வடிவத்தைத் தூண்டச் சுமார் 387 நானோமீட்டருக்கு உட்பட்ட புற ஊதாக் கதிர் தேவை. தரையை அடையும் வெயிலில் அது ஏறத்தாழ 5 விழுக்காட்டுக்கும் குறைவு.

திருப்பூரை நினைக்கும்போது எனக்குப் பெரிதாகப் படுவது உப்பு. பருத்தியில் ரியாக்டிவ் சாயம் (இழையோடு வேதிப்பிணைப்பு கொள்ளும் சாயம்) ஏறுவதற்குச் சாயப்பட்டறைகள் உப்பை ஏராளமாகச் சேர்க்கின்றன. அதிலுள்ள குளோரைடு அயனிகள், சாயத்தைத் தாக்க வேண்டிய தனியுறுப்புகளையே பிடித்துக்கொள்கின்றன, சில வேளைகளில் குளோரின் ஏறிய கரிமச் சேர்மங்களும் உருவாகின்றன. நொய்யல் ஆறு மாசடைந்ததால் சென்னை உயர் நீதிமன்றம் 2011-இல் பட்டறைகளை மூட உத்தரவிட்ட ஊர் அது. அத்தகைய ஊருக்குத் தீர்வு என்று முன்வைக்கப்படும் வினையூக்கியை, வாலை வடிநீரில் கரைத்த மெத்திலீன் நீலத்தில் மட்டும் சோதிப்பது போதாது. அந்தச் சாயமே ஒளியை உறிஞ்சித் தன் சிதைவுக்கு உதவுவதால் முடிவு மேலும் மயக்கம் தரும். பட்டறையிலிருந்து நேரே எடுத்த, உப்பும் காரமும் துணைப்பொருள்களும் கலந்த நீரிலேயே சோதனையை நடத்தி, கரிமக் கார்பன் அளவையும் மிஞ்சிய சேற்றின் எடையையும் சேர்த்தே வெளியிட வேண்டும் என ஆய்வாளர்களை வேண்டிக்கொள்கிறேன்.