விருந்து முந்திக்கொண்ட ஊரில் ஒருசந்தி

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தின வியாழக்கிழமை, காலை 11 மணி 11 நிமிடம். ஜேர்மனியின் கொலோன் நகரில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த எங்கள் தமிழாள் ஒருவர் கழுத்துப்பட்டியோடு அலுவலகத்தில் இருந்தால், கூட வேலை செய்யும் பெண் கத்தரிக்கோலோடு வந்து அதை நடுவால் நறுக்கிவிட்டு, நட்டஈடாகக் கன்னத்தில் ஒரு முத்தமும் தந்துவிட்டுப் போவார். கோபப்பட இடமில்லை. தவக்காலத்துக்கு முந்தின கொண்டாட்டமான கார்னிவலில் அன்று பெண்களின் நாள். ரைன் நதிக்கரை ஊர்கள் பலவற்றில் நகரசபைக் கட்டடமே அன்று பெண்கள் வசம். இங்கே நாட்பட்டவர்கள் நல்ல பட்டியை அலுமாரியில் வைத்துவிட்டு, வெட்டுப்படுவதற்கென்றே பழையது ஒன்றைக் கட்டிக்கொண்டு போவார்கள்.

சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வரலாம். வந்து நாள்காட்டியைப் பார்த்தால்தான் நெஞ்சில் தைக்கும். யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரில் இது, போன வருடக் குருத்தோலைகளைச் சிலுவைப் படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்து, சாம்பலுக்கென்று கோவிலில் கொடுக்கும் வாரம். இங்கே ஆறு நாளும் தெருவெல்லாம் ஆட்டம். திங்கட்கிழமை ஊர்வலத்தில் வண்டிகளிலிருந்து அள்ளி எறியும் இனிப்பு மட்டும் சுமார் 300 தொன். செவ்வாய் நள்ளிரவில் ‘நுபெல்’ என்ற வைக்கோல் பொம்மையை மதுக்கடை வாசலில் எரிப்பார்கள். அந்த நாட்களில் ஊர் செய்த தப்புத்தண்டா எல்லாம் அதன் தலையில் கட்டப்படும். விடிந்தால் சாம்பல் புதன். கோவிலில் இருக்கைகள் தாராளமாகக் காலி.

ஆட்டம் பாட்டத்தின் மேல் எங்களுக்குக் கோபமில்லை. கார்னிவல் திருச்சபை வீட்டுப் பிள்ளை. பழைய ஒழுங்கில் தவக்காலத்தில் இறைச்சியோடு முட்டை, பால், வெண்ணெயும் விலக்கு. வீட்டில் இருக்கும் கொழுப்பையும் முட்டையையும் புதனுக்கு முன் முடித்தாக வேண்டும். பழப்பாகு அடைத்துப் பொரித்த உருண்டைப் பணியாரங்கள் இந்த நாட்களில் வெதுப்பகமெல்லாம் குவிவது அந்தக் கணக்கில்தான். கோழி நோன்பு பார்க்காது. தவக்காலம் முழுக்கச் சேர்ந்த முட்டையை அவித்துச் சாயமிட்டு உயிர்ப்பு ஞாயிறன்று பகிர்ந்தார்கள். கார்னிவல் பருவம் நவம்பர் 11ஆம் திகதி தொடங்குவதிலும் இதே கணக்கு உண்டு. அது புனித மார்ட்டின் திருநாள். முற்காலத்தில் கிறிஸ்மசுக்கு முன்னும் ஒரு நீண்ட நோன்பு இருந்தது. மார்ட்டின் நாளில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு மறுநாள் அதற்குள் நுழைவார்கள்.

விருந்து மட்டும் தங்கிவிட்டது. அதைத் தாங்கிய நோன்பு கழன்றுபோனது. எங்கள் மனக்குறை அதுதான்.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் ‘ஸ்டோலன்’ என்ற கிறிஸ்மஸ் பாணைப் பாருங்கள். ஆதியில் அது நோன்புப் பலகாரம்: மா, ஈஸ்ட், தண்ணீர், எண்ணெய், அவ்வளவுதான். கிறிஸ்மசுக்கு முந்தின திருவருகைக்காலத்தில் வெண்ணெய் கூடாது. சாக்சனி ஆட்சியாளர்கள் மன்றாடி, 1491இல் எட்டாம் இன்னொசென்ட் பாப்பரசர் வெண்ணெய் சேர்க்க அனுமதி கொடுத்தார். இன்று டிரெஸ்டன் நகர ஸ்டோலன் என்ற பெயரில் விற்க வேண்டுமானால் 100 கிலோ மாவுக்குக் குறைந்தது 50 கிலோ வெண்ணெய் போட்டாக வேண்டும். சுவைக்குக் குறையில்லை. ஆனால் டிசம்பர் 25க்குக் காத்திருந்து வெட்டுகிறவர் எத்தனை பேர்? செப்டெம்பர் தொடக்கத்திலேயே, வெயில் குறையுமுன்னே, இஞ்சிப் பலகாரங்களும் ஸ்டோலனும் கடைத் தட்டுகளில் ஏறிவிடும். ஈஸ்டர் சொக்கிலேட் முயல்கள் கார்னிவல் முடியும்வரைகூடக் காத்திருப்பதில்லை.

590 முதல் 604 வரை பாப்பரசராயிருந்த பெரிய கிரகோரியார், சாப்பாட்டு ஆசை மனிதரை ஐந்து வழியாக விழுத்தும் என்று எழுதினார். பின்னாளில் இறையியலாளர் தோமா அக்குவினாரும் அதே பட்டியலை எடுத்துக்கொண்டார். நேரத்துக்கு முந்தித் தின்பது, விலையுயர்ந்ததைத் தேடுவது, பக்குவம் பக்குவமென்று நச்சரிப்பது, அளவுக்கு மிஞ்சுவது, பறந்து விழுங்குவது. மற்ற நாலையும் எல்லாரும் சொல்லுவார்கள். முதலாவதுதான் இந்தக் காலத்துக்குக் குறி தவறாமல் பொருந்துகிறது. முந்திக் கொடுப்பதே இன்றைய வியாபாரம். காத்திருக்கவிட்டால் வாங்குகிறவர் மனம் மாறிவிடலாம் என்ற பயம் அதற்கு. காத்திருப்பு போனால் பண்டிகை ஒரு நாளில் நிற்காது. மூன்று மாதத்துக்கு மெல்லிசாகப் பரவி, நாள் வரும்போது எல்லாருக்கும் திகட்டியிருக்கும். டிசம்பர் 27ஆம் திகதி இந்த நாட்டுத் தெருக்களில் வீசிக் கிடக்கும் கிறிஸ்மஸ் மரங்களைப் பார்த்தால் மனது வலிக்கும். திருச்சபையின் கணக்கில் கிறிஸ்மஸ் காலம் தொடங்கி அப்போது இரண்டு நாள்தான்.

கொலோன் மதுக்கடையில் இன்னொன்றும் கவனிக்கலாம். உள்ளூர் பியர் கோல்ஷ், 0.2 லீற்றர் ஒடுக்கமான கிளாசில் வரும். முடித்தவுடன் பரிசாரகர் கேளாமலே அடுத்ததை வைத்து, கிளாசுக்குக் கீழுள்ள மட்டையில் பென்சிலால் ஒரு கோடு போடுவார். போதுமென்றால் அந்த மட்டையை எடுத்துக் கிளாசின் மேல் மூட வேண்டும். மூடும்வரை வந்துகொண்டே இருக்கும். புதிதாக வந்தவர்கள் மரியாதைக்கு வேண்டாமென்று சொல்லத் தயங்கி ஏழெட்டுக் கோட்டோடு முழிப்பதுண்டு. கைபேசியில் ஒரு காணொளி முடிய அடுத்தது தானாக ஓடுவதும் இதே ஒழுங்குதான், அங்கே மூடுவதற்கு மட்டை வைக்கவில்லை.

கிறிஸ்தவம் இன்பத்துக்கு எதிரி என்று இங்கே வேலைத்தளங்களில் சர்வசாதாரணமாகச் சொல்வார்கள். கானாவூர் கலியாணத்தில் கற்சாடிகள் ஆறு, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 80 முதல் 120 லீற்றர் கொள்ளும். அத்தனையும் விளிம்புவரை நிரப்பித்தான் இயேசு திராட்சரசம் ஆக்கினார். ‘உம்முடைய சமுகத்தில் பரிபூரண ஆனந்தமும், உம்முடைய வலதுபாரிசத்தில் நித்திய பேரின்பமும் உண்டு’ என்று பாடுகிறது 16ஆம் சங்கீதம். அதே வேதாகமத்தில் பிரசங்கி, கண் ஆசைப்பட்ட எதையும் தடுக்காமல் வீடு, தோட்டம், குளம், பொன், பாடகர் என்று எல்லாம் சேர்த்துப் பார்த்தவர். கடைசியில் அது காற்றைப் பிடிக்கிற வேலை என்றார். இன்பம் தந்தவரிடம் கொண்டுபோகும்போது நன்மை; அதுவே கடைசி இலக்கானால் அது எப்போதும் இன்னொன்று கேட்கும். நோன்பு இந்த இரண்டையும் வேறுபிரித்துப் பார்க்கிற பழக்கம்.

சரி, இங்கே அதை எப்படிப் பிடிப்பது? கத்தோலிக்கச் சட்டப்படி ஒருசந்தி 18 வயது முடிந்ததிலிருந்து 59 வயது முடியும்வரை. கட்டாய நாட்கள் சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும். சுத்தபோசனம், அதாவது இறைச்சி விலக்கு, 14 வயது முடிந்ததிலிருந்து. ஒருசந்தி என்றால் முழுச் சாப்பாடு ஒன்று, சிறு சாப்பாடு இரண்டு. அந்த இரண்டும் சேர்ந்தாலும் ஒரு முழுச் சாப்பாடு ஆகக்கூடாது. காலையில் ஒரு துண்டுப் பாணும் தேத்தண்ணியும், மத்தியானம் சோறும் பருப்பும் கீரையும், இரவு ஒரு கோப்பைக் கஞ்சி என்றால் கணக்குச் சரி. நாள் என்பது நள்ளிரவிலிருந்து நள்ளிரவு. இரவு 10 மணி வேலைக்குப் போகிறவர்கள் செவ்வாய் இரவு 12க்கு முன் சாப்பிட்டுவிடலாம். புதனுக்குரிய முழுச் சாப்பாட்டைப் புதன் மாலை, அடுத்த முறைக்குப் புறப்படுமுன் வைத்துக்கொண்டால் இயந்திரத்துக்கு முன் தலை சுற்றாது. நீரிழிவுக்கு மருந்து எடுக்கிறவர்கள் எங்களுக்குள் நிறையப் பேர். மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளினால் சீனி இறங்கி மயக்கம் வரும். நோயாளிக்கும் கர்ப்பிணிக்கும் விலக்கு உண்டு. அவர்கள் நாவுக்குப் பதிலாகக் கண்ணையோ வாயையோ ஒறுக்கட்டும்.

சுத்தபோசனத்தில் குழப்பம் பிள்ளைகளின் இனிப்பில் வரும். கரடி மிட்டாய்களில் பலவற்றில் பன்றித்தோல் ஜெலட்டின் இருக்கிறது, வெள்ளிக்கிழமை கொடுக்கலாமா என்று தாய்மார் கேட்பார்கள். 1966இல் ஆறாம் பவுல் பாப்பரசர் வகுத்த ஒழுங்கில் இறைச்சிதான் விலக்கு. மிருகக் கொழுப்புச் சேர்ந்த சுவையூட்டிகள்கூட அனுமதி. ஆகவே மனச்சாட்சியைப் போட்டு வருத்தத் தேவையில்லை. உணவகங்களில் சாம்பல் புதன் ‘மீன் விருந்து’ பெரிய விஷயம். சால்மனும் இறாலும் வெள்ளை வைனுமாக மேசை நிறையும். இறைச்சி இல்லைத்தான், ஆனால் அது கிரகோரியாரின் இரண்டாவது வழி. வேலைத்தளத்து உணவுச்சாலையில் உருளைக்கிழங்கு சூப் கிடைத்தால் அதுவே போதும்.

இங்குள்ளவர்கள் நோன்பையே மறந்தார்கள் என்று சொல்வது அநியாயம். சீர்திருத்த சபையினர் 1983 முதல் ‘ஏழு வாரம் இல்லாமல்’ என்றொரு இயக்கம் நடத்துகிறார்கள். கொலோன் கர்தினால் ஃபிரிங்ஸ் முன்னின்று 1958இல் தொடங்கிய மிசெரியோர் என்ற உதவி அமைப்பு, தவக்காலக் காணிக்கையை ஏழை நாடுகளுக்குக் கொண்டுபோகிறது. பீடத்தை மறைத்துத் தொங்கவிடும் பழைய ‘பசித்துணி’ வழக்கத்தை அவர்கள் 1976இல் மீட்டபோது முதல் துணியை வரைந்தவர் ஜோதி சாஹி என்ற இந்திய ஓவியர். பிள்ளைகளுக்கு மடித்து ஒட்டும் காசுப்பெட்டி பங்கில் கிடைக்கும். அதை வாங்கி மேசையில் வையுங்கள். கோப்பியை விட்டால் அதன் காசு அன்றன்றே உள்ளே விழ வேண்டும். மாதக் கடைசியில் சேர்த்துப் போடலாமென்று விட்டால் அது வேறு இன்பத்துக்குப் போய்விடும். செபம், நோன்பு, தர்மம் மூன்றில் தர்மம் உதிர்ந்தால் மிஞ்சுவது எடை குறைப்பு. சொக்கிலேட்டை விட்டுவிட்டு ஒவ்வொரு காலையும் தராசில் ஏறிப் பார்க்கிறவர் இன்னும் தன்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

கைபேசியை ஒட்டுமொத்தமாக விடுகிறேன் என்று தொடங்குகிறவர்கள் முதல் ஞாயிறுக்குள் தோற்பார்கள். ஊரிலிருந்து அம்மாவின் அழைப்பு வாட்ஸ்அப்பில்தான் வரும். அதைத் திறந்தால் மற்றதும் திறக்கும். அழைப்பை மட்டும் விட்டு மற்ற அறிவிப்புகளை நிறுத்துங்கள். தானாக ஓடும் வசதியை அணையுங்கள். திரையைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றுங்கள். இரவில் சமையலறையில் மின்னேற்றிவிட்டு, பழைய மணிக்கூடு ஒன்றைக் கட்டிலருகே வையுங்கள். ஞாயிறு நோன்பில்லை என்பதையும் மறக்க வேண்டாம். சாம்பல் புதனிலிருந்து பெரிய சனிவரை 46 நாள். ஆறு ஞாயிறு கழித்தால்தான் 40. தவக்காலத்திலும் ஞாயிறு உயிர்ப்பின் நாள்.

இந்த நாட்டின் சட்டம் அந்த ஞாயிறை இன்னும் காக்கிறது. வேலை ஓய்வுக்கும் உள்ளத்தின் உயர்வுக்கும் உரிய நாளென்று 1919 வைமார் அரசியலமைப்பில் எழுதிய வரி இன்றைய அரசியலமைப்பிலும் தொடர்கிறது. பெர்லினில் திருவருகைக்கால ஞாயிறுகள் நான்கிலும் கடை திறக்க விட்டபோது சபைகள் வழக்குப் போட, 2009 டிசம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம் அது செல்லாது என்றது. பெரிய வெள்ளிக்கு ஆட்டத் தடையும் உண்டு: எங்கள் மாநிலமான நோர்த் ரைன் வெஸ்ட்பாலியாவில் பெரிய வியாழன் மாலை 6 மணியிலிருந்து சனி காலை 6 மணிவரை பொது ஆட்டக் கொண்டாட்டம் கூடாது. ஒவ்வொரு வருடமும் இதற்கு எதிர்ப்புக் கிளம்பும். 2016இல் பவேரியாவின் சட்டத்தைப் பார்த்த அதே நீதிமன்றம், அமைதியைக் காப்பது சரி, விதிவிலக்கே இல்லாமல் தடுப்பது சரியில்லை என்றது. சட்டத்தால் ஆட்டத்தை நிறுத்தலாம், துக்கத்தை வரவழைக்க முடியாது என்பது உண்மைதான். ஆனாலும் அந்த ஒரு நாளின் அமைதி போய்விட்டால், அடுத்த தலைமுறைக்கு அமைதியான நாள் என்றால் என்னவென்று காட்ட எதுவும் மிஞ்சாது.

இதெல்லாம் பழகிவிட்டது, இது எங்கள் ஊர் என்று சொல்லிக்கொள்கிறோம். ஓகஸ்டில் இங்குள்ள யாத்திரைத்தலமான கெவலாரில் மாதாவிடம் ஆயிரக்கணக்கில் தமிழர் கூடி, சைவக்காரரும் வந்து மெழுகுதிரி ஏற்றும்போது இலங்கையின் மடு மாதா கோவிலுக்கே போனது போலிருக்கும். ஆனால் பெரிய வெள்ளி பிற்பகல் 3 மணிக்கு இங்கத்தைய கோவிலில் மணிக்குப் பதிலாக மரக்கட்டையைத் தட்டும்போது காது வேறெங்கோ போகும். யாழ்ப்பாணத்துக் கடற்றொழில் ஊர்களான குருநகரிலும் பாசையூரிலும் அன்று தொழிலுக்குப் போகமாட்டார்கள். வானொலி அணைந்திருக்கும். கோவிலிலிருந்து இயேசுவின் பாடுகளைச் சொல்லும் வியாகுலப் பிரசங்கம் இழுத்து இழுத்து வரும்; கிழவிகள் கூடவே அழுவார்கள். அந்த அழுகைக்குப் பிறகுதான் சனி இரவு மணியடித்து விளக்கெல்லாம் எரியும்போது உடம்பு முழுக்கச் சந்தோசம் ஏறும். ஞாயிறு காலை ஆட்டிறைச்சிக் கறியின் வாசம் நாலு வீட்டுக்கு அப்பாலும் தெரியும்.

இங்கே ஆட்டத் தடை சனி காலை நீங்கினாலும் எங்கள் காத்திருப்பு இரவுத் திருவிழிப்புவரை. பல பங்குகளில் அதை ஞாயிறு விடிய 5 மணிக்கு நெருப்பு மூட்டித் தொடங்கி, பிறகு மண்டபத்தில் பாணும் சாயமிட்ட முட்டையும் வைத்து ஒன்றாகச் சாப்பிடுவார்கள். பிள்ளைகளை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போங்கள். கறிக்கு இறைச்சி வாங்குவதில்தான் புதிதாக வந்தவர்கள் அகப்படுவார்கள். பெரிய வெள்ளி, உயிர்ப்பு ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் கடை பூட்டு, துருக்கிக் கடைகளும் அப்படித்தான். நடுவில் சனி ஒரு நாள் திறக்கும், அன்று வரிசை தெருவரை வரும், எலும்போடு வெட்டித் தர யாருக்கும் நேரமிருக்காது. புதன்கிழமையே ஒரு தொடையைச் சிறு துண்டாக வெட்டுவித்து உறைபெட்டியில் போட்டுவிட்டு, சனி இரவு கோவிலுக்குப் புறப்படுமுன் எடுத்துக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். தேங்காய்ப்பாலும் அப்போதே வாங்கிவிட வேண்டும்.